தரம் பார்க்கிறவன்

தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில்
பதினான்கு வருஷமாய்த் தரம் பார்க்கிறேன்.
காதோரம் ஒரு குலுக்கு.
உள்ளே இருப்பது உயிரா சருகா என்று சொல்லிவிடுவேன்.
அந்தக் கர்வத்தோடுதான் போனேன்
ஞாயிறு மதியக் காட்சிக்கு.

நாவலை ஆறு தடவை படித்தவன்.
பைக்குள் எடுத்தும் போயிருந்தேன்,
பஞ்சாயத்துக்குச் சாட்சி கூட்டிப்போவதுபோல.

எழுத்தில் அது பாலக்கோட்டுப் பக்கம் ஒரு நூற்புக் கொட்டகை.
முந்நூறு பக்கமும்
கொதிதொட்டி ஆவிக்குள்ளேயே நடக்கும்.
வெந்த புழுவின் நெடி.
கருவாடு இல்லை, காய்ந்த நெய்யும் இல்லை,
நடுவில் பேர் வைக்காத ஏதோ ஒன்று.
அதை நாற்பது விதமாய் எழுதியிருந்தார் அந்த மனுஷர்.
விரல் நுனி வெந்து வெளுத்து
எதைத் தொட்டாலும் வழுக்குகிற ஒருத்தி.
அவள் மேஸ்திரியைக் கொன்றாளா,
கடைசிவரை சொல்லமாட்டார்.
ஒரு பத்தியில் நெடி மட்டும் லேசாக மாறும்.
அவ்வளவுதான் கொலை.

படத்தில் ஆவி அழகாக இருந்தது.
முதல் குற்றம் அதுதான்.
ஓட்டை வழியே வெயில் சாய்ந்து வந்து
அதைத் தடவிக் கொடுத்தது.
வெள்ளை நூல்மேல் சிவப்பு வழிந்தபோது
முன்வரிசையில் விசில்.
மனசுக்குள் கிலோவுக்கு நூறு குறைத்தேன்.
அவள் விரல்களை மிக அருகில் காட்டினார்கள்,
நகப்பூச்சு அழித்த தடம் தெரிந்தது.
இன்னும் ஐம்பது.
மேஸ்திரிக்கு ஒரு பாட்டு வேறு.
கழிவுக்கூட்டில் போட வேண்டியதுதான் என்று
சாலம்மாளிடம் சொல்லத் திரும்பினேன்.

அவள் முறுக்கைப் பாதியில் நிறுத்தி
முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள்.

திரையில் ஒன்றுமே இல்லை.
இரவு. ஒரு தகரக் கதவு.
வெளியே ஒற்றைச் செருப்பு.
உள்ளே மோட்டார் ஓடி ஓடி
நின்றது.
அப்புறம் ஏழெட்டு மூச்சு நேரம்
அந்தக் கதவையே காட்டிக்கொண்டிருந்தார்கள்.
பின்னாலிருந்து ஒருவன் "கரண்ட் போச்சா?" என்றான்.

"என்ன?" என்றேன்.
"நாறுது."
மோந்து பார்த்தேன்.
பாப்கார்ன், பினாயில், யாரோ தலையில் வாடிய மல்லி.
"எங்க?"
"அந்தக் கதவுக்குள்ள.
மோட்டார் ஓடற வரைக்கும் தெரியாது.
நின்னாத்தான் ஆவி கீழ எறங்கும்.
எறங்குனாத்தான் நாறும்."

பதினோரு வருஷம் தொட்டியடியில் நின்றவள்.
மூன்று வருஷமாய் நிற்பதில்லை.
நாவலை ஒருமுறை கையில் எடுத்தாள்,
நாலாம் பக்கத்தில் தூங்கிப்போனாள்.

நல்லம்பள்ளி பஸ் கிளம்ப நேரமிருந்தது.
டியூப்லைட் வெளிச்சத்தில் புரட்டினேன்.
கொலை நடக்கும் பத்தி, அதற்கு முன், அதற்குப் பின்.
மோட்டார் எங்கேயும் நிற்கவில்லை.
முதல் பக்கத்தில் ஓட ஆரம்பித்தது
முந்நூற்றுப் பத்திலும் ஓடிக்கொண்டிருந்தது.
ஆறு தடவையும்
அதன் இரைச்சலுக்குள் உட்கார்ந்துதான்
நெடி நெடி என்று சிலிர்த்திருக்கிறேன்.

அதற்காகப் படம் நல்ல படம் ஆகிவிடாது.
அந்த வெயிலை நான் மன்னிக்கவில்லை.
பாட்டை எப்போதும் மன்னிக்கமாட்டேன்.

"எவ்வளவு போட்ட?" என்றாள்.
வீட்டிலும் ஏலக்காரன்தான் நான் அவளுக்கு.
"இன்னும் முடிவாகல."
"நாளைக்குள்ள போடு. கூடு பொத்துக்கும்."

நடத்துநர் இரண்டு டிக்கெட் கிழித்து
அவள் பக்கம் நீட்டினார்.
வாங்கினாள்.
பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே
அது நிற்கவில்லை.
வழுக்கிக் கீழே விழுந்தது.

எப்போதும் விழும்.
எப்போதும் நான்தான் குனிந்து எடுப்பேன்.
இன்று மடியில் புத்தகம் இருந்ததால்
கொஞ்சம் தாமதமாயிற்று.